பெல்ட் புல்லி உடைஞ்சா என்ன பண்றது: பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்கு

பழைய வண்டில பெல்ட் அறுந்துச்சுன்னா எல்லாரும் பெல்ட்ட மட்டும்தான் பாக்குறாங்க. கடைல புது பெல்ட் வாங்கி மாட்டிடுறாங்க, கொஞ்ச நாள்ல அதுவும் ஓரம் பிஞ்சு நூல் நூலா தொங்குது, அப்பதான் பெல்ட் ஓடுற சக்கரமான புல்லி பக்கம் கண்ணு போகுது. வருஷக்கணக்கா ஓடி வெடிப்பு விட்ட பெல்ட் அறுந்து போறது இயல்பு. ஆனா போட்டு ஆறு மாசம் கூட ஆகாத பெல்ட் அறுந்தா, இல்ல அடிக்கடி கழண்டு விழுந்தா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது புல்லியதான். அம்பாசடர், ஜீப், மாருதி 800, ஆம்னி, சுமோ, பொலிரோ எதுவா இருந்தாலும் இது பொருந்தும்.

ரோட்ல போயிட்டு இருக்கும்போது உடைஞ்சா என்ன பண்றதுன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இன்ஜின் போறதும் பிழைக்கிறதும் அந்த ரெண்டு மூணு நிமிஷத்துலதான் இருக்கு. முன்னாடி டப்புனு சத்தம் வரும், இல்ல தகரம் தட்டுற மாதிரி கடகடனு வரும், கூடவே டேஷ்போர்டுல சிவப்பு பேட்டரி லைட் எரியும். பேட்டரி லைட்தானே, சார்ஜ் ஏறலபோல, வீடு வரைக்கும் போயிடலாம்னு நினைக்காதீங்க. பல பழைய வண்டில ஒரே பெல்ட்தான் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரையும் சுத்தும், இன்ஜின குளிர வைக்க தண்ணிய ஓட்டுற வாட்டர் பம்பையும் சுத்தும். மாருதி 800, ஆம்னியோட 796 சிசி மூணு சிலிண்டர் இன்ஜின் அப்படிதான். பெல்ட் போச்சுன்னா தண்ணி சுத்தாது, தண்ணி சுத்தலன்னா சிலிண்டர் ஹெட்டு சூடேறி ஹெட் கேஸ்கட் போகும், அதுக்கு மேலயும் ஓட்டுனா ஹெட்டே வளைஞ்சிடும். பெல்ட் செலவோட முடிய வேண்டியது இன்ஜின் வேலைல போய் நிக்கும்.

இதுல நெறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. 800 மாதிரி வண்டில ரேடியேட்டர் ஃபேன் கரண்ட்ல ஓடுறது, அதுக்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமே இல்ல. பானட்ட தொறந்து பாத்தா ஃபேன் சுத்திட்டு இருக்கும், அத பாத்துட்டு கூலிங் நல்லாதான் இருக்குன்னு வண்டிய எடுத்துடுவாங்க. ஃபேன் சுத்துனா மட்டும் பத்தாது, உள்ள தண்ணி ஓடணும். டெம்பரேச்சர் முள்ளையும் முழுசா நம்ப முடியாது, தண்ணி குறைஞ்சு சென்சார் காத்துல நின்னா முள்ளு கீழயே கிடக்கும், இன்ஜின் கொதிச்சிட்டு இருக்கும். அதனால ஓரமா நிறுத்துங்க, இன்ஜின ஆஃப் பண்ணுங்க, சூடு தணியாம ரேடியேட்டர் மூடில கை வைக்காதீங்க.

டீசல் வண்டி வச்சிருக்கவங்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம், இத யாரும் சொல்லித் தர மாட்டேங்குறாங்க. பழைய டீசல் வண்டி நெறையல பிரேக்க லேசா மிதிக்க உதவுற பூஸ்டருக்கு வேக்கம், அதாவது வெற்றிடம், உண்டாக்குற வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரோட முதுகுலயே மாட்டி இருக்கும். பெல்ட் போனா ஆல்டர்னேட்டர் நிக்கும், வேக்கம் பம்பும் நிக்கும். ஒண்ணு ரெண்டு தடவ மிதிக்கிற வரைக்கும் பிரேக் நல்லா பிடிக்கும், அதுக்கப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பிரேக் ஃபெயிலியர் இல்ல அது, ரெண்டு கால் பலத்தையும் போட்டு மிதிச்சா நிக்கும், ஆனா தெரியாதவங்க அந்த நேரத்துல பதறிடுவாங்க. பவர் ஸ்டியரிங்கும் அதே பெல்ட்ல இருந்தா ஸ்டியரிங்கும் கனமாயிடும். ஏற்காடு, குன்னூர் மாதிரி மலை இறங்கும்போது இது நடந்தா உடனே கியர குறைச்சு இன்ஜின் பிரேக்ல மெதுவா ஓரம் கட்டுங்க, பிரேக்க பம்ப் பண்ணி இருக்குற வேக்கத்தையும் காலி பண்ணிடாதீங்க.

சில வண்டில ஆல்டர்னேட்டருக்கு தனி பெல்ட், வாட்டர் பம்ப் வேற பெல்ட்ல ஓடும். அப்படி ஆல்டர்னேட்டர் மட்டும்தான் போயிருக்குன்னு கண்ணால பாத்து உறுதியா தெரிஞ்சா, வேக்கம் பம்பும் அதுல இல்லன்னா, பகல்ல ஏசி, லைட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு பக்கத்து ஊர் வரைக்கும் பேட்டரிலயே போயிடலாம். ராத்திரில வேண்டாம், ரெண்டு ஹெட்லைட் மட்டுமே கிட்டத்தட்ட 10 ஆம்பியர் இழுக்கும், சின்ன கார்ல இருக்குற 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்னு நீங்களே பாத்துக்கோங்க.

இப்ப எந்த புல்லி போச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு பாக்கலாம். சாவிய எடுத்துட்டு பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு பெல்ட்ட மொத்தமா கழட்டுங்க. பெல்ட் இல்லாம ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்தி பாருங்க, முன்ன பின்ன ஆட்டி பாருங்க. ஆல்டர்னேட்டர் புல்லி சத்தமில்லாம சுத்தணும். வாட்டர் பம்ப் புல்லில ஆட்டமே இருக்கக்கூடாது, ஆட்டம் இருந்தா பம்ப் பேரிங் போச்சு, பம்ப்புக்கு அடில சின்ன ஓட்டை இருக்கும், அங்க தண்ணி கசிஞ்ச கறை தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம். பெல்ட்ட வழி திருப்புற ஐட்லர் புல்லி, இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் புல்லி ரெண்டும் கரகரன்னு சுத்துனா இல்ல நிறுத்தாம ரொம்ப நேரம் லேசா சுத்திட்டே இருந்தா உள்ள கிரீஸ் காஞ்சு போச்சு.

தகர புல்லில வெடிப்ப எங்க தேடணும்னா போல்ட் ஓட்டையச் சுத்தி. வாட்டர் பம்ப் புல்லி பெரும்பாலும் நாலு போல்ட்ல நிக்கும், அதுல ஒண்ணு லூசா இருந்தா போதும், மத்த மூணு ஓட்டையும் மெல்ல நீளமாகி அங்கிருந்து மயிரிழை மாதிரி வெடிப்பு ஓட ஆரம்பிக்கும். மண்ணெண்ணெய் போட்டு தொடச்சிட்டு டார்ச் அடிச்சு சாய்ச்சு பாருங்க, அழுக்கு மேல இருந்தா தெரியவே தெரியாது. அம்பாசடர், பழைய ஜீப்ல எல்லாம் ஃபேனும் இதே புல்லி மேலதான் போல்ட் பண்ணி இருக்கும், அதனால அங்க வெடிப்ப பாத்தா தள்ளிப் போடாதீங்க, விட்டா ஃபேன் நேரா ரேடியேட்டர்ல போய் இறங்கும்.

வார்ப்பிரும்பு புல்லில பிரச்சன வேற, ஓரம் சில்லு சில்லா உடையும். சின்ன சில்லுதானேன்னு விட்டா அந்த மூலை ஒவ்வொரு சுத்துலயும் பெல்ட்ட கொஞ்சம் கொஞ்சமா அறுக்கும். இன்னொண்ணு காடி, அதாவது பெல்ட் உக்காருற பள்ளம், தேஞ்சு போறது. வி பெல்ட் காடியோட ரெண்டு பக்க சுவர்லதான் உக்காரணும், அடில தொடக்கூடாது. காடி அடிப்பக்கம் பளபளன்னு கண்ணாடி மாதிரி மின்னுச்சுன்னா பெல்ட் அடில உரசுதுன்னு அர்த்தம், ஒண்ணு பெல்ட் சைஸ் தப்பு, இல்ல புல்லி தேஞ்சிடுச்சு. புது சரியான பெல்ட்ட காடில வச்சு பாத்தா உடனே தெரிஞ்சிடும்.

அடுத்து இன்ஜினோட கிராங்க் ஷாஃப்ட் முனைல இருந்து பெல்ட்ட சுத்துற கிராங்க் புல்லி, இத பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். நெறைய இன்ஜின்ல கிராங்க் புல்லி ஒரே இரும்பு கிடையாது, நடுவுல ஒரு ஹப், வெளிய ஒரு வளையம், ரெண்டுக்கும் இடையில ரப்பர். கிராங்க் ஷாஃப்ட் ஒவ்வொரு ஃபயரிங்குக்கும் லேசா முறுக்கிக்கும், அந்த அதிர்வ உள்வாங்கத்தான் அந்த ரப்பர். வருஷம் போகப் போக சூட்டுல ரப்பர் காயும், முன் ஆயில் சீல் கசிஞ்சா ஆயில் பட்டு ஊறி பிடிப்பு விட்டுடும். அப்புறம் உள் ஹப் ஒரு வேகத்துல சுத்தும், வெளி வளையம் வழுக்கிட்டு பின்தங்கும். வெளிப்பார்வைக்கு புல்லி முழுசா இருக்கும், சார்ஜ் மட்டும் சரியா ஏறாது, ஏசி போட்டா கீச்சுனு கத்தும், மெக்கானிக் பெல்ட்ட டைட் பண்ணிட்டே இருப்பாரு, சரியாகவே ஆகாது.

இதுக்கு ஒரு சோதனை இருக்கு, பத்து பைசா செலவில்லாம பண்ணலாம். ஒயிட் பெயின்ட்டோ சாக்பீஸோ எடுத்து ஹப்ல இருந்து ரப்பர தாண்டி வெளி வளையம் வரைக்கும் நேரா ஒரு கோடு போடுங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மூணு தடவ ஆக்சிலேட்டர் குடுத்து நிறுத்திட்டு பாருங்க. கோடு நேரா இருந்தா ரப்பர் பிடிச்சிருக்கு. உடைஞ்சு விலகி இருந்தா புல்லி போச்சு, வேற பேச்சே இல்ல. இன்னொரு விஷயம், சில இன்ஜின்ல ஸ்பார்க் நேரத்த செட் பண்ண பாக்குற டைமிங் மார்க் அந்த வெளி வளையத்துலதான் இருக்கும், வளையம் நழுவி இருந்தா டைமிங் லைட் அடிச்சு பாத்து செட் பண்றது எல்லாமே தப்பாதான் வரும். டைமிங் செட் ஆகவே மாட்டேங்குதுன்னு டிஸ்ட்ரிபியூட்டர திருப்பிட்டே இருக்கவங்க முதல்ல இத பாருங்க.

கிராங்க் புல்லி லூசா இருந்தா இன்ஜின் கனெக்டிங் ராடு பேரிங் அடிக்கிற மாதிரியே டக் டக்னு சத்தம் வரும். அந்த சத்தத்த கேட்டுட்டு இன்ஜின் இறக்கணும்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு உடனே சரின்னு சொல்லாதீங்க. பெல்ட்ட கழட்டிட்டு அரை நிமிஷம் மட்டும் இன்ஜின ஓட விட்டு கேளுங்க, சத்தம் மாறுதா பாருங்க. அப்புறம் ஆஃப் பண்ணிட்டு கிராங்க் புல்லிய ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா நடு போல்ட் லூசு, இல்ல புல்லிய ஷாஃப்ட்டோட பூட்டுற, உள்ள இருக்குற கீ தேஞ்சிருக்கு. இன்ஜின் வேலைக்கு சேத்து வச்ச காசு ஒரு புல்லியோட முடிஞ்ச வண்டிங்க நெறைய இருக்கு, அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

கழட்டுறது எப்படி? கிராங்க் புல்லிதான் கஷ்டம், மத்தது எல்லாம் சுலபம். முன் வீல் டிரைவ் கார்ல இன்ஜின் குறுக்கால இருக்கும், அதனால அந்தப் பக்கத்து சக்கரத்த கழட்டி உள் ஃபெண்டர் பிளாஸ்டிக்க எடுத்தாதான் புல்லி கண்ணுக்கே தெரியும். ஜாக்கிய மட்டும் நம்பி அடில கைய விடாதீங்க, ஸ்டாண்டு வைங்க. ஜீப், அம்பாசடர்ல முன்னாடி ரேடியேட்டர எடுத்துட்டா கை நல்லா போகும், எடுக்காம பண்ணலாம்னு முயற்சி பண்ணி ரேடியேட்டர் ஃபின்ன நசுக்கிடுறதுதான் நடக்குது, அதனால எடுத்துடுங்க. நடு போல்ட்ட கழட்டும்போது இன்ஜின் சுத்தக் கூடாது. டாப் கியர்ல போட்டு ஒருத்தர் பிரேக்க முழுசா மிதிச்சிட்டு இருந்தா பெரும்பாலும் போதும். போல்ட்டுக்கு லாக் வாசர் மடிச்சு விட்டிருந்தா அத உளியால நிமித்திட்டு அப்புறம் ஸ்பானர் போடுங்க. பொதுவா வழக்கமான மரைதான், ஆனா சில இன்ஜின்ல எதிர் மரை வரும், வராத போல்ட்ட நீள பைப்பு மாட்டி இழுக்குறதுக்கு முன்னாடி உங்க வண்டிக்கு எப்படின்னு மேனுவல்ல பாத்துக்கோங்க. ஸ்பானர சேசில முட்டுக் குடுத்துட்டு செல்ஃப் அடிச்சு போல்ட்ட லூஸ் பண்ற பழக்கம் பட்டறைல உண்டு, அத தெரிஞ்சவங்க பண்றாங்க, ஆனா ஸ்பானர் நழுவுனா கை போகும், வேண்டாம்.

போல்ட் வந்த பிறகும் புல்லி வரலன்னா சுத்தியால அடிக்காதீங்க. முன்னாடி அடிச்சா அந்த அடி கிராங்க் முன்ன பின்ன நகராம தாங்குற த்ரஸ்ட் வாசர்ல போய் விழும், பின்னாடில இருந்து நெம்புனா தகரம் வளையும், வார்ப்பிரும்புன்னா ஓரம் உடையும். புல்லிய இழுத்து எடுக்குற கருவியான புல்லர் வாங்குங்க, இல்ல பக்கத்து பட்டறைல வாடகைக்கு கேளுங்க. ரப்பர் உள்ள புல்லிக்கு மூணு கால் புல்லர வெளி வளையத்துல மாட்டி இழுத்தா வளையம் மட்டும் தனியா கையோட வந்துடும். ஹப்ல ரெண்டு மரை ஓட்டை விட்டிருப்பாங்க, அதுல போல்ட் போட்டு இழுக்குற புல்லர்தான் அதுக்கு சரி.

புல்லி வெளிய வந்ததும் மூணு இடத்த பாருங்க. ஷாஃப்ட்ல அரை நிலா மாதிரி கீ இருக்கும், அது உக்காருற காடி அகலமாயிருந்தா புது கீ மட்டும் போட்டு பிரயோஜனம் இல்ல, நல்ல லேத் ஆள்கிட்ட காட்டுங்க. அடுத்து முன் ஆயில் சீல், இவ்வளவு தூரம் கழட்டிட்டீங்க, சீல் விலை ரொம்ப கம்மி, கசியலன்னாலும் மாத்திடுங்க. மூணாவது, புல்லி கழுத்துல சீல் ஓடுற இடம். விரல் நகத்த வச்சு இழுத்தா தட்டுற அளவுக்கு பள்ளம் இருந்தா புது சீல் போட்டாலும் ஆயில் கசியும், கசிஞ்ச ஆயில் மறுபடி ரப்பர திங்கும், பெல்ட்டையும் திங்கும்.

புல்லி எங்க வாங்குறது? சென்னைன்னா புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்கு புதுப்பேட்டை. கோயம்புத்தூர்னா பழசுக்கு உக்கடம் பக்கம் தேடலாம். பழைய புல்லிய கையோட கொண்டு போங்க, வண்டி பேர சொல்லி மட்டும் வாங்காதீங்க, ஒரே மாடல்லயே ஏசி உள்ள வண்டிக்கு ஒரு புல்லி, இல்லாத வண்டிக்கு ஒரு புல்லின்னு இருக்கும். வெளி விட்டம், காடி எண்ணிக்கை, போல்ட் ஓட்டை, முக்கியமா ஆழம், நாலையும் வச்சு ஒப்பிடுங்க. தகரம், வார்ப்பிரும்பு புல்லி பழசு வாங்கலாம், தப்பில்ல, தட்டையான கண்ணாடி மேல வச்சு ஆடுதான்னு பாத்து வாங்குங்க. ரப்பர் வச்ச கிராங்க் புல்லி மட்டும் பழசு வேண்டாம், உங்களது எந்த வயசுல போச்சோ அதுவும் அதே வயசுதான்.

ஐட்லர் புல்லில பேரிங் மட்டும் போயிருந்தா முழு புல்லி தேவையில்ல. பேரிங் பக்கவாட்டுல நம்பர் இருக்கும், 6203ன்னு இருந்தா உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், எந்த பேரிங் கடைலயும் கிடைக்கும். ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி வச்ச 2ஆர்எஸ் வகையா கேட்டு வாங்குங்க, வைஸ்ல வச்சு வெளி வளையத்துல மட்டும் அழுத்தி ஏத்துங்க.

எங்கயுமே கிடைக்காத பழைய வண்டின்னா லேத்துல புதுசா கடையலாம், கோயம்புத்தூர்ல மாதிரி பாத்து அப்படியே கடைஞ்சு குடுக்குற ஆளுங்க இருக்காங்க, ஒரே இரும்பா இருக்குற வி பெல்ட் புல்லிக்கு இது நல்ல வழி. உடைஞ்சத வெல்டிங் வச்சு ஒட்டுறது மட்டும் வேண்டாம். இன்ஜின் 3000 ஆர்பிஎம்ல ஓடுனா கிராங்க் புல்லி செகண்டுக்கு 50 சுத்து சுத்துது, ஆல்டர்னேட்டர் புல்லி அதவிட சின்னது, இன்னும் வேகமா சுத்தும். வெல்டிங் வச்ச பக்கம் கொஞ்சம் கனமா இருந்தாலே அதிர்வு வந்து பக்கத்து பேரிங்க கெடுக்கும், வார்ப்பிரும்புல வெல்டிங் ஓரத்துலயே மறுபடி விரியும், விரிஞ்சு பறந்தா பானட்டுக்குள்ள என்னத்த உடைக்கும்னு சொல்ல முடியாது.

மாட்டும்போது ஷாஃப்டையும் ஹப்பையும் துரு போக தொடச்சு லேசா ஆயில் தடவி, கீ நேரா உக்காந்திருக்கான்னு பாத்து, போல்ட்ட வச்சே மெல்ல இழுத்து உக்கார வைங்க. கடைசி டைட்டுக்கு எவ்வளவு டைட் ஆகுதுன்னு அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் வேணும், எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும், கிராங்க் போல்ட்டு லூசா விட்டா மொதல்ல போறது கீ காடிதான். வாட்டர் பம்ப் புல்லியோட சின்ன போல்ட்டுங்கள எதிரெதிரா மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க.

அப்புறம் நேர் பாக்கணும், இத பண்ணாமதான் நெறைய பேர் மறுபடி பெல்ட் வாங்குறாங்க. நேரான இரும்பு ஸ்கேலோ இழுத்துப் பிடிச்ச நூலோ கிராங்க் புல்லி முகத்துல வச்சு மத்த புல்லி காடியெல்லாம் அதே கோட்டுல வருதான்னு பாருங்க. ஆல்டர்னேட்டர் விலகி இருந்தா அதோட பிராக்கெட்ல வாசர் வச்சு சரி பண்ணலாம். பெல்ட் வாங்கும்போது பழைய பெல்ட் முதுகுல உள்ள நம்பர பாருங்க, ஏவி10ன்னு ஆரம்பிச்சா மேல் அகலம் 10 மில்லிமீட்டர், ஏவி13ன்னா 13, பக்கத்துல இருக்குறது நீளம். உள்பக்கம் வரி வரியா இருக்குற பட்டை பெல்ட்ல 6பிகே1200ன்னு இருந்தா 6 வரி, 1200 மில்லிமீட்டர் நீளம்.

வி பெல்ட்டோட நீளமான பகுதி நடுவுல கட்டை விரலால நல்லா அழுத்துனா சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கணும், மேனுவல்ல வேற அளவு இருந்தா அதையே எடுத்துக்கோங்க. கீச்சு சத்தம் வரக்கூடாதுன்னு வீணை கம்பி மாதிரி முறுக்காதீங்க, வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் அதுலதான் சாகும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி துண்டு, துப்பட்டா, தொங்குற எதுவும் பெல்ட் பக்கம் இல்லாம பாத்துக்கோங்க. ஓடும்போது பேட்டரில மீட்டர் வச்சா 13.8ல இருந்து 14.4 வோல்ட்டுக்குள்ள காட்டணும். பட்டை பெல்ட் கத்துச்சுன்னா வரி பக்கம் கொஞ்சம் தண்ணி தெளிச்சு பாருங்க, சத்தம் நின்னு திரும்ப வந்தா புல்லி நேரா இல்ல, சத்தம் அதிகமானா பெல்ட் வழுக்குது.

ஒரு எச்சரிக்கை. இங்க சொன்னது எல்லாம் வெளி பெல்ட்டுக்கு. கவருக்குள்ள இருந்து வால்வ இயக்குற டைமிங் பெல்ட்டோட டென்ஷனர் புல்லி உடைஞ்சா கதையே வேற, இன்ஜின் அப்படியே நின்னுடும், செல்ஃப் அடிச்சா வழக்கத்த விட லேசா வேகமா சுத்தும். அப்ப திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீங்க, நெறைய இன்ஜின்ல வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. கட்டி இழுத்துட்டு போங்க, கியர் நியூட்ரல்ல இருக்கட்டும். வெளி பெல்ட் பிஞ்ச துண்டு டைமிங் கவருக்குள்ள போயிருந்தாலும் இதே ஆபத்துதான், அதனால பெல்ட் நார் நாரா பிஞ்சு போயிருந்தா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கவர தொறந்து பாத்துடுங்க.

புது பெல்ட் முதல் சில நாள்ல கொஞ்சம் இழுவும், அதனால கால் மணி நேரம் ஓட்டிட்டு ஒரு தடவ, 500 கிலோமீட்டர்ல இன்னொரு தடவ டென்ஷன் பாருங்க, அப்பவே அந்த பெயின்ட் கோட்டையும் கிராங்க் போல்ட்டையும் பாத்துடுங்க. தூரமா போறவங்க டிக்கில ஒரு சரியான சைஸ் பெல்ட்டும் அத மாத்துறதுக்கு வேணும்ங்கிற ஸ்பானரும் வச்சிருங்க, எந்த ஸ்பானர்னு வீட்லயே ஒரு தடவ கழட்டி மாட்டி பாத்துட்டு அந்த செட்ட மட்டும் தனியா ஒரு துணில சுத்தி வைங்க.